வெற்றறை

சம்பளப் பணம் நோர்வூட் வங்கியிலிருந்து
பதினோரு வளைவு ஏறி வரும்.
கூடப் போக முன்பிருந்த கிளாக்கர் மறுத்துவிட்டு
கொழும்புக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார்.
மேசையோடு இதுவும் என் பொறுப்பானது:
நாற்பத்துநாலு, ஐந்து அறை,
குழல் இரண்டரை அங்குலம்.
லைசன்ஸில் என் பெயர் இரண்டு எழுத்துப் பிழையோடு.
இவ்வளவு பெரிய கோபத்துக்கு
இவ்வளவு சின்ன வாயா, என்றார்
வேன் ஓட்டும் நசுர்தீன்.

முதல் நாள், கைவிட்ட கல்லுடைப்பில்,
தேயிலைப் பெட்டிப் பலகையைப் பார்த்துச் சுட்டேன்.
பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை.
எனக்குத்தான் பெருவிரல் கவட்டில் தோல் கிழிந்தது.
குழல் வானத்தைக் காட்டி நின்றது,
மழை எப்போது என்று கேட்பதுபோல்.

பிறகு காயம் ஒவ்வொன்றாய்ச் சொல்லித் தந்தது.
தாழப் பிடித்தால் அது நெம்புகோல்;
உயரப் பிடி, உள்ளங்கைக்கும் பிடிக்கும் நடுவே
காற்றுக்கூட நுழையாதபடி.
மற்றக் கை வந்து விரல்மேல் விரலாய்ப் பூட்டட்டும்.
உருளைக்கு முன்னால் விரலை நீட்டாதே,
இடுக்கில் சீறும் நெருப்பு நகத்தோடு கொண்டுபோகும்.
முழங்கையைச் சற்று மடி.
ஏற்றத்தில் கூடை சுமப்பவள்போல்
முன்காலுக்குப் பாரத்தைக் கொடு.
நெரிக்காதே.
எழும்புகிறதா, எழும்பட்டும்,
எழும்பிய வழியே இறங்கி வரட்டும்.
சைக்கிள் டியூப்பை நீளவாக்கில் வெட்டிப்
பிடியில் சுற்றினேன். பாதி வலியை அது குடித்தது.

அப்படியும் குண்டு கீழேதான் போனது.
மூன்று வாரம்
பலகையின் காலடியில் மண் துள்ளியது,
அட்டைகள் என் சப்பாத்தில் ஏறின.

நசுர்தீனிடம் சொன்னேன்: நீங்கள் நிரப்புங்கள்.
சிலதில் தோட்டா, சிலதில் ஒன்றுமில்லாமல்.
எது எதென்று எனக்குத் தெரியக்கூடாது.
முதுகைக் காட்டி நின்று நிரப்பினார்,
உருளையைச் சுற்றி மூடி நீட்டினார்.

முதல் இழுப்பு. டிக்.
வெடிக்கவேயில்லை, ஆனால் குழல் குனிந்தது,
வராத உதைக்கு
முன்கூட்டியே கும்பிடு போட்டு.
இரண்டாவது, டிக். குனிந்தது.
மூன்று. நாலு.
ஐந்தாவதிலாவது இருக்கும் என்று
பல்லைக் கடித்தேன்.
டிக்.

ஐந்தையும் வெறுமையாய் விட்டிருக்கிறார்.
தோட்டா என்ன விலை தெரியுமா மிஸ், என்றார்,
பயப்படுறதுக்குச் செலவே இல்லை.

இறங்கும் வழியெல்லாம்
மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.
எந்தக் கதவு எப்போது அறைந்ததில்
பழகியது இது?
புகார் வந்து கண்ணாடியை மூடியது.
நசுர்தீன் வைப்பரைப் போட்டார்.

அடுத்த ஞாயிறு மூன்று வெறுமை, இரண்டு தோட்டா.
கை குனியவில்லை.
பலகையில் ஒரு சாண் இடைவெளியில்
இரண்டு ஓட்டை.
எதிர்மலை தாமதமாகத் திருப்பிச் சுட்டது.
நசுர்தீன் விசிலடித்தார்.

மறுநாள் மாலை செக்ரோல்.
கீழ்மலை டிவிஷன், பதினேழாம் பெயர்,
ச. பூமயில். கொழுந்து பதினாலரை கிலோ.
கேட்டது பதினெட்டு.
அரைப்பேர், என்று எழுதினேன்.
பேனா துள்ளவில்லை.
தோள்வரை எதுவும் ஏறவில்லை.
ஒன்பது வருடமாய் எழுதுகிறேன்,
கவட்டில் இருக்கும் ஒரே தழும்பு
போன மாதத்தது.

சம்பள நாள். பணம் பத்திரமாய் வந்து சேர்ந்தது.
வளைவுகளில் மாடுகள் தவிர யாரும் மறிக்கவில்லை.
ஜன்னலில் பூமயில், தலையில் ஈரப் படங்கு.
துண்டை வாங்கினாள், புரட்டிப் பார்த்தாள்,
பின்பக்கத்தில் ஏதாவது இருக்குமோ என்று.
பின்பக்கம் வெள்ளை.
ஒன்றும் கேட்கவில்லை அவள்.

இழுப்பறையில் அது கிடந்தது,
ஐந்து அறையும் நிறைந்து.

கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினேன்.
நீட்டிய கை
குனிந்தது.
அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்,
பேனா மறுபடி மேலே வரும்வரை.